நீலம் என்றால் என்ன? அபாயப் பொருள் லேபிள்களின் நிறங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீல நிறத்துக்கு என்ன அர்த்தம்? ஆளுக்கொன்று சொல்கிறார்களே?

ஆளுக்கொன்று சொல்பவர்கள் எல்லோருமே சரியாகச் சொல்லியிருக்கலாம். லாரியின் மேல் முழு நீலத்தில் ஒரு சாய்சதுரப் பலகை இருந்தால், உள்ளே இருப்பது தண்ணீர் பட்டதும் எரியும் வாயுவை வெளிவிடும் பொருள். சோடியம், கால்சியம் கார்பைடு போன்றவை இந்த வகை. கட்டடச் சுவரில் இருக்கும் நான்கு நிற டைமண்டின் இடப்பக்க நீலக் கட்டம் உடல்நலக் கேட்டின் அளவைச் சொல்கிறது. தொழிற்கூடத்துக்குள் வட்டமான நீலப் பலகை தொங்கினால் அது அபாய அறிவிப்பே இல்லை, கட்டளை: கண்ணாடி போடு, கையுறை போடு, காதை மூடு.

மூன்று நீலமும் இன்று புழக்கத்தில் இருப்பவை. அதனால் நிறத்தில் தொடங்கினால் வழி தவறிவிடும். இது எந்த முறை என்பதை முதலில் தீர்மானியுங்கள். அடுத்து எண்ணையும் படத்தையும் பாருங்கள். தூரத்திலிருந்தே உங்களைத் திரும்பிப் பார்க்க வைப்பதுதான் நிறத்தின் வேலை. அதற்குமேல் அதை நம்ப வேண்டாம்.

எந்த முறை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வடிவத்தையும் அது ஒட்டியிருக்கும் இடத்தையும் பாருங்கள்.

- ஒரே சாய்சதுரம் நான்கு கட்டங்களாகப் பிரிந்து, நீலம், சிவப்பு, மஞ்சள், வெள்ளையில் எண்களோடு இருந்தால் அது என்.எஃப்.பி.ஏ. 704, அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் தரநிலை. கட்டடம், சேமிப்புத் தொட்டி, கிடங்குக் கதவு போன்ற நகராத இடங்களில் இருக்கும். தீயணைப்பு வீரர்களுக்காக உருவானது.
- வெள்ளைப் பின்னணி, சிவப்பு விளிம்பு, நடுவில் கறுப்புப் படம் என்றால் ஜி.எச்.எஸ்., ரசாயனங்களை வகைப்படுத்தி லேபிளிடும் உலகப் பொது முறை. பாட்டில், கேன், டிரம் லேபிளில் இருக்கும். பொருளைக் கையாளுபவருக்கானது.
- சாய்சதுரம் முழுக்க நிறம் பூசி, கீழ்மூலையில் 1 முதல் 9 வரை ஓர் எண் இருந்தால் அது ஐ.நா. போக்குவரத்து வகைப்பாடு. பொதிகளில் 100 மி.மீ. பக்கமுள்ள லேபிளாகவும், வண்டியிலும் கன்டெய்னரிலும் 250 மி.மீ. பக்கமுள்ள பலகையாகவும் வரும்.
- நீலம், சிவப்பு, ஆரஞ்சு, வெள்ளை என்று பட்டைபட்டையாக ஒன்றன்கீழ் ஒன்று இருந்தால் எச்.எம்.ஐ.எஸ்., அமெரிக்கப் பணியிட லேபிள் முறை. பழைய லேபிள்களில் ஆரஞ்சுக்குப் பதில் மஞ்சள் இருக்கும். கடைசி வெள்ளைப் பட்டையிலுள்ள எழுத்து, என்ன பாதுகாப்புக் கருவி அணிய வேண்டும் என்பதைக் குறிக்கிறது.

லாரிப் பலகை நிறங்களை வரிசையாகச் சொல்ல முடியுமா?

ஆரஞ்சு என்றால் வெடிபொருள் (1). சிவப்பு என்றால் எரியும் வாயு (2) அல்லது எரியும் திரவம் (3). இரண்டிலும் தீச்சுடர் படமே இருப்பதால் கீழ்மூலை எண்தான் வேறுபாட்டைக் காட்டும். பச்சை, எரியாத, நச்சில்லாத வாயு. பச்சையைப் பார்த்துவிட்டு 'ஆபத்தில்லை' என்று நினைப்பவர்கள் உண்டு. திரவ நைட்ரஜனும் பச்சைதான்; மூடிய அறையில் கசிந்தால் ஆக்சிஜனை விரட்டிவிட்டு, வாசனைகூட இல்லாமல் ஆளை மயக்கிச் சாய்த்துவிடும்.

நான்காம் வகைக்குள் மூன்று முகங்கள். வெள்ளையில் செங்குத்துச் சிவப்புக் கோடுகள் எரியும் திடப்பொருளுக்கு. மேல் பாதி வெள்ளை, கீழ் பாதி சிவப்பு என்றால் காற்றுப் பட்டுத் தானாகப் பற்றக்கூடியது. முழு நீலம் தண்ணீரோடு வினைபுரிவது. ஐந்தாம் வகையில் முழு மஞ்சள் ஆக்சிஜனேற்றிக்கு (பக்கத்தில் எரிவதை இன்னும் கடுமையாக எரிய வைப்பது), மேலே சிவப்பும் கீழே மஞ்சளும் கரிமப் பெராக்சைடுக்கு. வெள்ளையில் மண்டையோடு என்றால் நச்சு, ஆனால் இங்கும் கீழ்மூலையைப் பாருங்கள். 6 என்றால் நச்சுத் திரவம் அல்லது திடப்பொருள். 2 என்றால் நச்சு வாயு, அது காற்றோடு உங்களைத் தேடி வரும். எண்ணை விட்டுவிட்டால் இந்த இரண்டும் ஏறக்குறைய ஒரே பலகை.

ஏழு கதிரியக்கம். பொதி லேபிளில் சிவப்புக் கோடுகளை எண்ணுங்கள். ஒரு கோடு (முழு வெள்ளை) என்றால் பொதியின் மேற்பரப்பில் கதிர்வீச்சு மணிக்கு 0.005 மில்லிசீவர்ட்டுக்கு மேல் இல்லை. இரண்டு கோடு (மேல் பாதி மஞ்சள்) 0.5 வரை, மூன்று கோடு 2 வரை. எட்டு அரிப்புப் பொருள் (தோலையும் உலோகத்தையும் அரித்துத் தின்பது), மேலே வெள்ளை, கீழே கறுப்பு. ஒன்பது 'மற்றவை'. மேல் பாதியில் ஏழு கறுப்புக் கோடுகள் இருக்கும். உலர்பனிக்கட்டியும் லித்தியம் பேட்டரியும் இதில் அடங்கும்.

ஒரே டேங்கரில் இரண்டு மூன்று பலகைகள் இருக்கின்றனவே?

ஒரு பொருளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அபாயம் இருந்தால் அத்தனையும் காட்டப்படும். நீரற்ற அம்மோனியாவுக்கு நச்சு வாயு, அரிப்பு என இரண்டு. குளோரினுக்கு நச்சு வாயு, ஆக்சிஜனேற்றி, அரிப்பு என மூன்று. வண்டியில் மூன்று பொருள்கள் இருப்பதாக எண்ணிவிடக் கூடாது.

ஆரஞ்சு நிறச் செவ்வகத்தில் மேலும் கீழும் எண்கள் எழுதியிருக்கிறது. அது என்ன?

கீழே உள்ள நான்கு இலக்கம் யு.என். எண், பொருளின் அடையாளம். 1203 பெட்ரோல், 1202 டீசல், 1005 நீரற்ற அம்மோனியா, 1017 குளோரின், 1830 அடர் கந்தக அமிலம். இது உலகம் முழுக்க ஒன்றே. மொழி தெரியாவிட்டாலும், நிறம் வெளுத்துப்போனாலும் இந்த நான்கு இலக்கம் போதும்.

மேலே உள்ளது ஐரோப்பிய முறையிலான அபாய எண். 2 வாயு, 3 எரியும் திரவம், 4 எரியும் திடப்பொருள், 5 ஆக்சிஜனேற்றி, 6 நச்சு, 8 அரிப்பு. ஒரே இலக்கம் இரண்டு முறை வந்தால் அந்த அபாயம் கூடுதல். பெட்ரோலுக்கு 33, டீசலுக்கு 30. அந்த 0 கூடுதல் அபாயம் ஏதும் இல்லை என்பதற்காகப் போட்ட இடநிரப்பி. அம்மோனியாவின் 268ஐ வாயு, நச்சு, அரிப்பு என்று அப்படியே வாசிக்கலாம். சில எண்கள் விதிவிலக்கு; எடுத்துக்காட்டாக 22, அது கடுங்குளிரில் திரவமாக்கிய வாயு.

முன்னால் எக்ஸ் எழுத்து இருந்தால், தண்ணீர் பட்டால் ஆபத்தான வினை நடக்கும். சோடியத்துக்கு எக்ஸ்423. குழாயைத் தூக்கிக்கொண்டு ஓடும்முன் பார்க்க வேண்டிய எழுத்து இது.

வேறு சில நாடுகளில் அதே இடத்தில் ஹாஸ்கெம் குறியீடு இருக்கும். பெட்ரோலின் '3ஒய்இ' ஓர் எடுத்துக்காட்டு. அதில் வரும் எண் அபாயத்தைச் சொல்லவில்லை, அணைக்கும் ஊடகத்தைச் சொல்கிறது: 1 பருந்துளி நீர், 2 நுண்துளி நீர், 3 நுரை, 4 உலர்பொருள். கடைசியில் 'இ' இருந்தால் மக்களை வெளியேற்றுவது பற்றி யோசிக்க வேண்டும்.

சுவரில் உள்ள நான்கு நிற டைமண்டை எப்படி வாசிப்பது?

இடப்பக்க நீலம் உடல்நலம், மேலே சிவப்பு தீப்பற்றும் தன்மை, வலப்பக்க மஞ்சள் நிலையின்மை (வெடிக்கும் அல்லது கடுமையாக வினைபுரியும் தன்மை), கீழே வெள்ளை சிறப்புக் குறிப்பு. எண்கள் 0 முதல் 4 வரை. 4தான் மோசம்.

சிவப்பு எண்ணுக்குத் துல்லியமான எல்லைகள் உண்டு. ஒரு திரவம் தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவியை வெளிவிடும் மிகக் குறைந்த வெப்பநிலைக்கு பிளாஷ் பாயிண்ட் என்று பெயர். அது 93.4 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தும் பொருள் எரியுமென்றால் 1. 37.8க்கும் 93.4க்கும் இடையில் 2. அதற்குக் கீழே 3. பிளாஷ் பாயிண்ட் 22.8க்குக் கீழேயும் கொதிநிலை 37.8க்குக் கீழேயும் இருந்தால் 4. டீசல் 2, பெட்ரோல் 3, புரொப்பேன் 4.

அடர் கந்தக அமிலத் தொட்டி ஒன்றின் டைமண்டை எடுத்துக்கொள்வோம். நீலத்தில் 3, சிவப்பில் 0, மஞ்சளில் 2, வெள்ளையில் குறுக்குக் கோடு போட்ட டபிள்யூ. தானாக எரியாது, தோலையும் கண்ணையும் நாசமாக்கும், தண்ணீரோடு கடுமையாக வினைபுரியும். சிவப்பில் 0 பார்த்ததும் தளர்ந்துவிடுபவர்கள் வெள்ளைக் கட்டத்தைக் கோட்டைவிடுகிறார்கள். அடர் அமிலத்தின் மேல் தண்ணீர் விழுந்தால் அந்தச் சூட்டில் கொதித்து, அமிலத் துளிகளோடு தெறிக்கும்.

வெள்ளைக் கட்டத்துக்கு அந்தத் தரநிலை ஏற்கும் குறிகள் மூன்றே மூன்று: குறுக்குக் கோடிட்ட டபிள்யூ, ஆக்சிஜனேற்றிக்கு ஓ.எக்ஸ்., நைட்ரஜன், ஹீலியம், ஆர்கான் போன்ற மூச்சடைக்கும் வாயுக்களுக்கு எஸ்.ஏ. மற்றபடி ஆசிட், பயோ என்று கண்டதையும் எழுதி வைத்திருந்தால் அது அந்தந்த இடத்தில் தாங்களாகச் சேர்த்துக்கொண்டது.

இன்னொன்று. அறைக்குள் பல பொருள்கள் இருந்து வாசலில் ஒரே டைமண்ட் என்றால், பெரும்பாலும் ஒவ்வொரு கட்டத்திலும் இருப்பதிலேயே பெரிய எண்ணைப் போட்டிருப்பார்கள். 4 ஒரு பொருளுடையது, 3 இன்னொன்றுடையது. அந்த மூன்று எண்ணுக்கும் பொருந்தும் ஒரே பொருளை உள்ளே தேடாதீர்கள்.

ஒரே பொருளுக்கு ஓரிடத்தில் 3, இன்னோரிடத்தில் 2 என்று இருக்கிறது. எது தவறு?

அநேகமாக எதுவும் தவறில்லை. என்.எஃப்.பி.ஏ. முறையில் 4 மிக மோசம். ஜி.எச்.எஸ். பிரிவு எண்ணில் 1தான் மிக மோசம். இரண்டும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. இந்தத் துறையில் அதிகக் குழப்பம் தரும் விஷயம் எதுவென்றால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

அசிட்டோனைப் பாருங்கள். பிளாஷ் பாயிண்ட் சுமார் மைனஸ் 20, கொதிநிலை 56 டிகிரி. டைமண்டில் சிவப்பு எண் 3. ஜி.எச்.எஸ். லேபிளில் எரியும் திரவம் பிரிவு 2, 'அபாயம்' என்ற எச்சரிக்கைச் சொல், எச்225 என்ற அபாய வாசகம். லாரியில் சிவப்புப் பலகை, யு.என். 1090. மூன்றும் ஒன்றையேதான் சொல்கின்றன.

டீசல் இன்னும் வேடிக்கை. டைமண்டில் 2, ஜி.எச்.எஸ்.ஸில் பிரிவு 3. எண்களை மட்டும் எழுதி வைத்துக்கொண்டால் டீசல் அசிட்டோனைவிட மோசமாகத் தெரியும். குறிப்பேட்டில் எழுதும்போது முறையின் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள்.

டைமண்டில் நீலம் 2தான். அப்படியானால் தினமும் கையாளலாமா?

கூடாது. அந்த எண் தீ, கசிவு போன்ற அவசர நேரத்தில் சிறிது நேரம் வெளிப்படுவதற்காகப் போட்டது. ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் என்ன ஆகும் என்பது அதில் இல்லை. பென்சீனுக்கு நீலத்தில் 2தான். ஆனால் அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள், ஜி.எச்.எஸ்.ஸில் புற்றுநோய்ப் பிரிவு 1ஏ. மார்பில் நட்சத்திரம் வெடித்தது போன்ற மனித உருவம் அதன் லேபிளில் இருக்கும். தினசரி வேலைக்கு ஜி.எச்.எஸ். லேபிளையும், பொருளை விற்பவர் தரும் பாதுகாப்புத் தரவுத்தாளையும் பாருங்கள். எச்.எம்.ஐ.எஸ். பட்டையின் நீலத்தில் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருந்தால் அதுவும் நாள்பட்ட பாதிப்பு உண்டு என்பதற்குத்தான்.

ஜி.எச்.எஸ். படங்கள் எல்லாம் ஒரே சிவப்பு விளிம்பு. கடுமையை எப்படித் தெரிந்துகொள்வது?

மொத்தம் ஒன்பது படங்கள், நிறத்தில் வேறுபாடே கிடையாது. கடுமையைக் காட்டுவது எச்சரிக்கைச் சொல். 'அபாயம்' மேல் படி, 'எச்சரிக்கை' கீழ்ப் படி. அடுத்து எச் வாசகங்கள். 200களில் தொடங்குபவை தீ, வெடிப்பு போன்ற பௌதிக அபாயங்கள், 300கள் உடல்நலம், 400கள் சுற்றுச்சூழல். எச்314 என்றால் தோலில் கடும் புண், கண்ணில் சேதம்.

ஆச்சரியக்குறிப் படம் இல்லையென்றால் எரிச்சல் இல்லை என்று அர்த்தமல்ல. அரிப்புப் படம் வந்துவிட்டால் தோல், கண் எரிச்சலுக்கான ஆச்சரியக்குறியைத் தனியாகப் போட மாட்டார்கள். பெரியது சிறியதை விழுங்கிவிடும். அதேபோல 60க்கு மேல் 93 டிகிரி வரை பிளாஷ் பாயிண்ட் உள்ள பிரிவு 4 திரவத்துக்குத் தீச்சுடர் படமே வராது. வெறும் 'எச்சரிக்கை' என்ற சொல்லும் ஒரு வரி வாசகமும்தான். சூடாக்கினால் அதுவும் பற்றும்.

வட்டத்தின் மேல் சுடர் என்பது ஆக்சிஜனேற்றி. தானாக எரிய வேண்டியதில்லை, பக்கத்தில் எரிவதை வெறிகொண்டு எரிய வைக்கும். வெறும் சுடர்ப் படம் உள்ள கேன்களோடு ஒரே அலமாரியில் வைக்காதீர்கள்.

காலி டிரம்மிலிருந்து லேபிளைக் கிழித்துவிடலாமா?

கழுவி, ஆவியை முழுமையாக வெளியேற்றும்வரை கூடாது. பெட்ரோல் ஆவி காற்றில் சுமார் 1.4 முதல் 7.6 சதவீதம் இருக்கும்போதுதான் பற்றும். நிரம்பிய டிரம்மில் காற்றுக்கு இடமே இல்லை. அடியில் ஒரு குவளை அளவு மீதி கிடக்கும் 200 லிட்டர் டிரம்மில் காற்றும் ஆவியும் சேர்ந்திருக்கும். அதன்மேல் வெல்டிங் வைத்தாலோ கட்டரால் வெட்டினாலோ அது வெடிகுண்டுதான். போக்குவரத்து விதிகளும் கழுவாத காலிக் கலனை நிரம்பியதைப் போலவே நடத்துகின்றன.

கழுவி முடித்தபின் லேபிளைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள். இல்லாத அபாயத்தைக் காட்டும் பலகை தீயணைப்பு வீரர்களைத் தவறான திசையில் அனுப்பும்.

நிறம் மங்கிப்போயிருந்தால் என்ன செய்வது?

மாற்றிவிடுங்கள். வெயிலில் முதலில் வெளுப்பது பெரும்பாலும் சிவப்பு மை. ஜி.எச்.எஸ். லேபிளின் விளிம்பு காணாமல் போகும். மூன்றாம் வகைப் பலகை இளஞ்சிவப்பாகி, பிறகு ஒன்றுமில்லாமல் ஆகும். கப்பல் சரக்கென்றால் கடல்நீரில் மூன்று மாதம் கிடந்த பிறகும் பொதியின் குறிகள் தெரிய வேண்டும் என்பது விதி. சாதாரணக் காகிதம் தாங்காது.

மங்காத நிறமும் ஏமாற்றும். மஞ்சள் சோடியம் விளக்கின்கீழ் சிவப்பு பழுப்பாகவும், ஆரஞ்சும் மஞ்சளும் ஒன்றாகவும் தெரியும். சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாதவருக்கு எரியும் வாயுவும் எரியாத வாயுவும் ஒரே பலகை. இரண்டிலும் எண் 2 என்றே இருக்கும். சுடரா, சிலிண்டரா என்ற படம்தான் வழிகாட்டும்.

லாரிகளில் புரட்டிப் போடும் தகடுகளைக் கவனியுங்கள். தகட்டைப் பிடிக்கும் கிளிப் தளர்ந்தால் ஓட்டத்தில் காற்றடித்து வேறு வகைப் பக்கத்துக்குப் புரண்டுவிடும். புறப்படும்முன் நான்கு பக்கமும் சுற்றிப் பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் போதும்.

பெரிய கேனிலிருந்து சிறிய பாட்டிலுக்கு மாற்றினால் லேபிள் எப்படி ஒட்டுவது?

முதலில் பாட்டில். தண்ணீர், குளிர்பானப் பாட்டில் எதுவும் வேண்டாம், லேபிள் ஒட்டினாலும் வேண்டாம். தாகத்தில் இருப்பவர் லேபிளை வாசிப்பதில்லை.

1. பழைய லேபிளை முழுமையாக எடுங்கள். மேலே ஒட்டினால் புதியது உரியும்போது பழையது உண்மைபோலத் தெரியும்.
2. பரப்பைத் துடைத்து உலர விடுங்கள். பாலிஎத்திலீன் பாட்டிலில் சாதாரணப் பசை நிற்காது, அந்தப் பிளாஸ்டிக்குக்கென்றே உள்ள பசை கொண்ட ஸ்டிக்கர் தேவை.
3. தரவுத்தாளில் உள்ள பெயர், செறிவு, எச்சரிக்கைச் சொல், படங்கள், எச் வாசகங்கள், மாற்றிய தேதி ஆகியவற்றை எழுதுங்கள். செறிவை விடாதீர்கள். 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடும் 50 சதவீதமும் ஒன்றல்ல.
4. உடலில் ஒட்டுங்கள், மூடியில் அல்ல. மூடிகள் மாறிப்போகும்.
5. மேலே தெளிவான டேப் போடுங்கள். மார்க்கர் மை ஆல்கஹாலிலும் அசிட்டோனிலும் கரைந்து ஓடும். பில் அச்சிடும் வெப்பக் காகிதம் இன்னும் மோசம், கரைப்பான் பட்டால் கறுத்துவிடும்.

ஊற்றும்போது லேபிள் உள்ளங்கையில் படும்படி பிடியுங்கள். வழியும் சொட்டு எதிர்ப்பக்கம் இறங்கும், எழுத்து பிழைக்கும்.

அளவு தேவையென்றால் ஐரோப்பிய விதியைப் பின்பற்றலாம். 3 லிட்டர் வரையுள்ள கலனுக்கு முடிந்தவரை 52க்கு 74 மி.மீ., 50 லிட்டர் வரை 74க்கு 105, 500 லிட்டர் வரை 105க்கு 148. படம் ஒவ்வொன்றும் லேபிளின் பதினைந்தில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது, ஒரு சதுர செ.மீ.க்கும் குறையக் கூடாது.

டேங்கர் கவிழ்ந்து கிடக்கிறது. பலகையை வாசிக்கக் கிட்டே போகலாமா?

வேண்டாம். காற்று உங்கள் முதுகில் படும் பக்கமாக, மேட்டுப்பாங்கான இடத்துக்கு நகருங்கள். தூரத்திலிருந்தே போன் கேமராவை ஜூம் செய்து நான்கு இலக்க எண்ணையும் பலகையின் படத்தையும் பிடியுங்கள். எண் தெரியாவிட்டால் படம், கீழ்மூலை எண், நிறம் என்ற வரிசையில் தெரிந்ததை அவசர சேவைக்குச் சொல்லுங்கள். புகை பிடிப்பது, வண்டியை ஸ்டார்ட் செய்வது இரண்டும் அங்கே கூடாது.

அமெரிக்கா, கனடா, மெக்சிகோ சேர்ந்து வெளியிடும் அவசரகால வழிகாட்டிக் கையேட்டிலும் நிறம் உண்டு. மஞ்சள் பக்கங்களில் யு.என். எண் வழியாகவும், நீலப் பக்கங்களில் பெயர் வழியாகவும் தேடலாம். ஆரஞ்சுப் பக்கங்களில் செய்ய வேண்டியவை, பச்சைப் பக்கங்களில் நச்சு வாயு போன்றவற்றுக்கான விலகு தூரங்கள். 1203ஐத் தேடினால் வழிகாட்டி 128க்குப் போகச் சொல்லும். கசிவைச் சுற்றி எல்லாத் திசையிலும் குறைந்தது 50 மீட்டர், டேங்கரே தீப்பிடித்தால் 800 மீட்டர். பொருள் என்னவென்றே தெரியாதபோது வழிகாட்டி 111, தொடக்கத் தூரம் குறைந்தது 100 மீட்டர்.

(நிறம் பார்த்துக் குழம்புவோம் என்று இவ்வளவு சொன்ன பிறகு, எச்.எம்.ஐ.எஸ். பட்டையையும் சேர்த்து எண்ணினால் ஐந்தாவதாக இன்னொரு நீலம், இந்தக் கையேட்டின் பக்கங்கள்.)

வாயு சிலிண்டர் நிறத்தை வைத்து உள்ளே என்ன என்று சொல்லலாமா?

சொல்லக் கூடாது. அமெரிக்காவில் மருத்துவ ஆக்சிஜன் சிலிண்டர் பச்சை. ஐரோப்பியத் தரநிலையில் ஆக்சிஜனுக்குத் தோள்பட்டை வெள்ளை. ஒரு நாட்டில் பழகிய கண் இன்னொரு நாட்டில் தவறும். தோள்பட்டையில் ஒட்டியிருக்கும் லேபிளில் பெயரும் யு.என். எண்ணும் இருக்கும். அது இல்லாத சிலிண்டரைத் திறக்காமல், தனியாக நிறுத்தி, கொடுத்தவரிடமே திருப்பி அனுப்புங்கள்.

செத்த மீனும் மரமும் உள்ள படம் எந்த வகை?

வகையே இல்லை. சுற்றுச்சூழலுக்குக் கேடு என்ற கூடுதல் குறி. வகைப் பலகையோடு சேர்ந்து வரும். சிவப்பு முக்கோணத்தில் வெப்பமானி இருந்தால் உள்ளே இருப்பது சூடான சரக்கு: திரவமென்றால் 100 டிகிரி அல்லது அதற்கு மேல், திடப்பொருளென்றால் 240 அல்லது அதற்கு மேல். மேலும் கீழும் கறுப்பு, நடுவில் வெற்று வெள்ளை உள்ள சாய்சதுரம், சிறு கலன்களில் அடைத்த குறைந்த அளவு அபாயப் பொருள். எந்த வகை என்று அந்தக் குறி சொல்லாது. பெட்டியைத் திறந்து உள்ளே இருக்கும் பாட்டிலின் லேபிளைத்தான் பார்க்க வேண்டும்.